வீட்டு அடுக்குக்கு நான்கு நூல்கள்

விடத்தல்தீவிலே புத்தக அடுக்கு என்பது எளிதில் நிலைத்து நின்ற பொருளன்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் இவ்வூர் முஸ்லிம் குடும்பங்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டன. 2008ஆம் ஆண்டு ஜூலையில் இராணுவம் ஊரைக் கைப்பற்றியது. அப் போர்க்காலத்தில் ஏனையோரும் இடம்பெயர்ந்தனர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் புத்தகத்தைத் தூக்க இயலுமா? ஆதலால், மீண்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பழைய நூல்களும் புதிய நூல்களே. அரிதாக ஈட்டிய பணத்தைக் கொடுக்குமுன், எந்த நூல் தகும் என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அவர்கள் பொருட்டு நான்கு துறைகளில் நான்கு நூல்களை இங்கே ஆராய்வோம்.

முதலாவது கவிதை. 1985இல் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’, 31 கவிஞர்களின் 82 அரசியற் கவிதைகளைக் கொண்ட தொகுப்பு. உ. சேரன், அ. யேசுராசா, இ. பத்மநாப ஐயர், மயிலங்கூடலூர் பி. நடராசன் ஆகியோர் தொகுத்தனர். கவிதைக்கு உரைகல் இரண்டாம் வாசிப்பாகும். அரசியற் சினம் மட்டும் கொண்ட பாடல்கள் அவ் வாசிப்பிலே சற்று வெளிறுகின்றன. தனி மனிதரின் துயரைச் சொல்வன நிலைக்கின்றன. ஆயினும், 1985க்குப் பின்னர் நேர்ந்த துயரங்களை இதிலே தேடலாகாது. இதனை மட்டும் படித்துவிட்டு முழு வரலாற்றையும் அறிந்ததாக மாணவர் எண்ணிவிடக் கூடாது.

அடுத்தது நாவல். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. 1978இல் திரைப்படமும் ஆயிற்று. வாடைக் காற்றுக் காலத்திலே நெடுந்தீவுக்குத் தொழில் செய்ய வரும் மீனவர்க்கும் தீவில் வாழ்வோர்க்கும் இடையே எழும் பகையும் காதலுமே கதை. சில திருப்பங்கள் திரைக்கதை போல் அமைந்தது ஒரு குறை. எனினும், கதை மாந்தரின் பிழைப்பையும் பிரிவையும் காற்றே நிர்ணயிக்கிறது. காற்றுப் பார்த்துத் தோணி இறக்கும் நம் ஊர்ப் பெரியவர்களே இதற்குச் சிறந்த நடுவர்கள். அவர்களுக்கு வாசித்துக் காட்டுமாறு மாணவர்க்குக் கூறுவோம்.

சமையலுக்கு எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. 1951இல் முதன்முதல் வெளிவந்து இன்றும் விலைபோகும் நூல் இது. சமைத்துப் பழகாத புதுமணப் பெண்ணுக்கு அருகே தாய் நின்று சொல்வது போல, அளவும் முறையும் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் இது தமிழகத்து மரக்கறிச் சமையல். நண்டும் இறாலும் புழங்கும் கரையோர அடுக்களைக்கு இது பாதித் துணையே. மற்றப் பாதி இன்னும் நம் பாட்டிமாரின் கைப்பக்குவத்திலே இருக்கிறது. அதனை இவ்வாறே அளந்தெழுதி வைக்க நம் பெண்மக்கள் முன்வருதல் வேண்டும்.

இறுதியாக, அப்துற் றஹீமின் ‘வாழ்க்கையில் வெற்றி’. தமிழில் முன்னேற்ற நூல்களுக்கு வழிவகுத்தோருள் அவர் ஒருவர். தளர்ந்த மாணவனை மீண்டும் பாடத்தில் அமரச் செய்யும் ஊக்கம் இந்நூலில் உண்டு. எனினும் இவ்வகை நூல்களை ஓர் எச்சரிக்கையுடன் படித்தல் நலம். முயன்றவர் வென்றார் என்பது உண்மையாகலாம். வெல்லாதவர் முயலவில்லை என்பது உண்மையாகாது. தோணியும் வலையும் வீடும் இழந்து பிற ஊரிலே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் சோம்பலால் வறியவர் ஆகவில்லை. இதனைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லிவிட்டே நூலைக் கையிற் கொடுக்க வேண்டும்.

நான்கினுள் ஒன்றுக்கே பணமுண்டு எனின், எதனை வாங்குவது? நாவலையே வாங்குக என்போம். அதனை வீட்டில் உள்ளோர் யாவரும் கூடியிருந்து கேட்கலாம். பணமே இல்லாதவர்க்கும் வழி அடைபடவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள் பலவற்றை இலவசமாகப் படிக்கலாம். வாங்க இயன்றவரோ, படித்து முடித்ததும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இரவல் கொடுப்பாராக.