விரல் சூப்பும் பழக்கமும் பிள்ளைகளின் பல் வரிசையும்

 

சில வருடங்களுக்கு முன் நமது டிரஸ்டுக்கு ஒரு மருத்துவ உதவி மனு வந்தது. பன்னிரண்டு வயது மகளுக்குப் பல்லில் கிளிப் போட உதவ வேண்டும் என்று ஒரு தாய் எழுதியிருந்தார். "இது அழகுக்காகச் செய்வது, மருத்துவ நிதியில் கொடுக்க இயலாது" என்று நாம் திருப்பி அனுப்பிவிட்டோம்.

பிறகு அந்தப் பிள்ளையை மதரஸாவில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பல்லைக் கடித்தாலும் மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் சேரவில்லை. நடுவில் ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி. ரொட்டியை முன்பல்லால் கடித்துப் பிய்க்க முடியாது. எட்டு வயது வரை விரல் சூப்பினாள் என்று தாயார் சொன்னார். நமது முடிவு தவறு என்று உணர்ந்து, மனுவை மறுபடி எடுத்து உதவினோம். அப்போது பல் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்வது கடமை என்பதால் இதை எழுதுகிறோம்.

எது வரை இயல்பு?

கைக்குழந்தை விரல் சூப்புவது இயல்பே. கருவிலேயே சூப்பும் குழந்தைகளும் உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். பால்பல் பருவத்தில் பழக்கம் நின்றுவிட்டால், முன்பல்லில் ஏற்பட்ட சிறு மாற்றம் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஏறக்குறைய ஆறு வயதில் நிரந்தரப் பல் முளைக்கத் தொடங்குகிறது. அதற்குப் பிறகும் தொடர்ந்தால்தான் பாதிப்பு நிலைத்துப்போகிறது. எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தமாகச் சூப்புகிறது என்பதும் முக்கியம். விரலைச் சும்மா வாயில் வைத்திருப்பதைவிட, இரவு முழுவதும் சத்தம் வரச் சூப்பும் பிள்ளைக்கே பாதிப்பு அதிகம்.

வாயில் என்ன நடக்கிறது?

விரல் மேல் முன்பற்களை வெளியே தள்ளுகிறது. கீழ் முன்பற்களை உள்ளே சாய்க்கிறது. விரல் இருக்கும் இடத்தில் பல் முழுதாக இறங்கி வளர முடியாமல் இடைவெளி விழுகிறது. நாக்கு கீழே இறங்கிவிடுவதால் மேல் தாடைக்கு உள்ளிருந்து தாங்கல் இல்லை. கன்னத் தசைகளோ வெளியிலிருந்து அழுத்துகின்றன. இதனால் மேல் தாடை குறுகி, கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உட்புறமாகக் கடிக்கின்றன. எத்துப்பல் உள்ள பிள்ளை கீழே விழுந்தால் பல் உடையும் வாய்ப்பும் அதிகம்.

ஓதுதலிலும் இது தெரியும். ஸீன் ஓதும்போது நாக்கு பற்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். இடைவெளி இருந்தால் நாக்கு நுனி வெளியே நழுவி, ஸீன் ஸே ஆகிவிடுகிறது. அந்தப் பிள்ளையைக் கவனமில்லாமல் ஓதுகிறாள் என்றே உஸ்தாதும் நாமும் எண்ணியிருந்தோம். மக்ரஜ் திரும்பத் திரும்பத் தவறும் பிள்ளையைக் கண்டிக்கும் முன், வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள் என்று உஸ்தாத்மார்களை வேண்டுகிறோம்.

நிறுத்துவது எப்படி?

அடிப்பதாலும், சொந்தக்காரர்கள் முன் கேலி செய்வதாலும் பழக்கம் நிற்பதில்லை. பிள்ளை ஒளிந்துகொண்டு சூப்பும். எந்த நேரத்தில் சூப்புகிறது என்று முதலில் கவனியுங்கள். தூக்கம், பசி, பயம், புதிதாகத் தம்பி தங்கை பிறந்தது என்று ஏதாவது காரணம் இருக்கும். சூப்பாத நாளுக்குக் காலண்டரில் ஒரு நட்சத்திரம் போட்டு, வாரக் கடைசியில் சின்னப் பரிசு கொடுங்கள். இரவில் கையில் மெல்லிய காலுறையோ துணியோ மாட்டலாம். வேப்பெண்ணெய் தடவுவது சில பிள்ளைகளுக்கு உதவும். ஆனால் தண்டனையாக அல்லாமல், பிள்ளையிடம் சொல்லி, அதன் சம்மதத்தோடு செய்ய வேண்டும்.

சிகிச்சை என்ன?

ஏழு வயதுக்குள் பல் சீரமைப்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. பழக்கம் நிற்காவிட்டால், மேலண்ணத்தில் சிறு கம்பித் தடுப்பு ஒன்றைப் பொருத்துவார்கள். விரல் அண்ணத்தில் படாததால் சூப்பும் சுகம் போய்விடும். பழக்கம் நின்ற பிறகும் சில மாதங்கள் அதை விட்டுவைப்பார்கள். மேல் தாடை குறுகியிருந்தால் அதை விரிக்கும் கருவி உண்டு. அண்ணத்தின் நடுப்பொருத்து இறுகிவிடும் முன், அதாவது வளரும் வயதிலேயே, அதைச் செய்தால் எளிது. நிரந்தரப் பற்கள் வந்தபின் கிளிப் போட ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகலாம். கழற்றிய பிறகும் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க, தாங்கு கம்பி அணிய வேண்டும். வளர்ச்சி முடிந்த பிறகு வரும் கடுமையான கோளாறுகளுக்குச் சில சமயம் தாடை அறுவை சிகிச்சையே தேவைப்படும். ஐந்து வயதில் ஒரு காலுறையால் முடியக்கூடியதை இருபது வயது வரை தள்ளிப்போட வேண்டாம்.

மார்க்கத்தில் கூடுமா?

இக்கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்வதைக் கண்டிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அது குறையில்லாத பல்லை அலங்காரத்துக்காக மாற்றுவதைப் பற்றியது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்கத்தால் மூக்கு செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூத், திர்மிதீயில் உள்ளது. குறையை நீக்கிக்கொள்வது சிகிச்சை. அது கூடும் என்பதே உலமாக்களின் விளக்கம். ஒட்டப்பட்ட கிளிப்பை வுளூவுக்காகக் கழற்ற வேண்டியதில்லை என்றும் ஹஜ்ரத்மார்கள் சொல்கிறார்கள்.

எங்கே செல்வது?

முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டுங்கள். சென்னை, சிதம்பரம் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் பல் சீரமைப்புத் துறை உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளிக் கிளினிக்குகளைவிடச் செலவு பொதுவாகக் குறைவு. மாதாமாதம் போய்வர வேண்டும் என்பதால் பயணச் செலவையும் கணக்கில் கொள்ளுங்கள். வசதியற்ற குடும்பங்கள் மருத்துவர் சீட்டுடன் டிரஸ்ட் அலுவலகத்தை அணுகலாம். அழகு விஷயம் என்று சொல்லி இனி எந்த மனுவையும் பார்க்காமல் திருப்ப மாட்டோம்.

அந்தப் பிள்ளைக்குக் கிளிப் கழற்றியாகிவிட்டது. நாக்குப் பயிற்சியும் செய்து, இப்போது ஸீனை ஸீனாகவே ஓதுகிறாள், அல்ஹம்துலில்லாஹ். முதல் மனுவிலேயே நாம் விளங்கியிருந்தால் அவளுடைய சிரமம் இன்னும் சீக்கிரம் தீர்ந்திருக்கும்.

இன்று இரவு பிள்ளைகள் தூங்கியபின் ஒருமுறை பாருங்கள், வாயில் விரல் இருக்கிறதா என்று. நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.