புயல் போன பிறகு மீன் கிடைக்குமா?

மலாக்கா நீரிணையில் புயல் வராது என்பது சித்தியவான், லுமுட் பக்கம் பழகிப்போன நம்பிக்கை. அதில் நியாயமும் உண்டு. புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி தரும் விசை வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகில் அது மிகவும் குறைவு. ஆனாலும் 2001 டிசம்பர் 27ஆம் தேதி 'வாமெய்' புயல் ஜொகூரின் தென்கிழக்குக் கரையைத் தாக்கியது. 2025 நவம்பரில் 'சென்யார்' இந்த நீரிணையிலேயே உருவானது. 26ஆம் தேதி சுமத்ராவில் கரையேறி, பின்னர் கிழக்கே திரும்பி, 28ஆம் தேதி தீபகற்பத்தின் மேற்குக் கரையை அடைந்தது. சுமத்ராவில் வெள்ளமும் நிலச்சரிவும் ஏற்படுத்திய உயிர்ச்சேதம் நெஞ்சை உலுக்கியது.

புயல் என்றதும் காற்றையும் மழையையும் பற்றியே பேசுகிறோம். கடலுக்குள் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை.

கோப்பியில் போட்ட சீனி கலக்காவிட்டால் அடியிலேயே கிடக்கும். கரண்டி போட்டால்தான் மேலே இனிக்கும். ஆழ்கடலும் அப்படித்தான். ஊட்டச்சத்து அடியில் உள்ள குளிர்ந்த நீரில் தங்கியிருக்கும். புயல்தான் கரண்டி. 2000 ஜூலையில் 'காய்தாக்' புயல் தென் சீனக் கடலில் மெதுவாக நகர்ந்தபோது, 30 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்த மேல்நீர் 22 டிகிரிக்கும் கீழே இறங்கியது. அடுத்த சில நாட்களில், கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்களின் அளவைக் காட்டும் பச்சையம் அங்கு சுமார் 30 மடங்கு பெருகியதைத் துணைக்கோளம் படம்பிடித்தது. மிதவைத் தாவரங்களைச் சிற்றுயிர்கள் தின்னும், சிற்றுயிர்களைச் சிறுமீன்கள் தின்னும்.

அப்படியானால் புயலுக்குப் பிறகு பங்கோர் கடலிலும் நெத்திலி குவியுமா? அவசரப்பட்டு நம்பிவிடக் கூடாது. பேராக் கரையோரக் கடல் ஆழமற்றது. கீழே குளிர்நீர்ச் சேமிப்பு கிடையாது, சேறுதான் உண்டு. அலை கலக்கினால் நீர் கலங்கி, வெயில் உள்ளே இறங்காது. வெயில் இல்லாமல் மிதவைத் தாவரம் வளர்வது கடினம்.

அதைவிடப் பெரிய தொல்லை ஆற்று வெள்ளம். பேராக் ஆறும் டிண்டிங்ஸ் ஆறும் கொண்டுவந்து கொட்டும் நன்னீரால் கரையோரக் கடலின் உப்பு குறைகிறது. வெள்ளத்தோடு வரும் குப்பையும் இலைதழையும் அழுகும்போது நீரிலுள்ள உயிர்வாயு கரைகிறது. நீந்தத் தெரிந்தவை தப்பித்துக்கொள்ளும். 2001இல் அமெரிக்காவின் புளோரிடாவில் 'கேப்ரியல்' புயல் நெருங்கியபோது, கருவி பொருத்திக் கண்காணிக்கப்பட்ட சுறாக்குட்டிகள் காற்றழுத்தம் குறைந்ததுமே விரிகுடாவை விட்டு ஆழத்துக்குப் போய்விட்டன. ஓய்ந்த பிறகு திரும்பியும் வந்தன. வானிலை அறிக்கை கேட்டும் படகை அவிழ்க்கும் மனிதர்களைவிட அவை கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டன என்றே சொல்ல வேண்டும்.

கோல செபெத்தாங் சேற்றில் வளரும் கெராங் எங்கே ஓடும்? ஓட்டை இறுக மூடிக்கொண்டு உப்பு திரும்பும் வரை காத்திருக்கும். சில நாட்கள் தாங்கும். நன்னீர் வடியாமல் நின்றுவிட்டால் செத்துப்போகும். கூண்டு மீன்களுக்கும் இதே கதிதான். வலை அவற்றைத் தப்ப விடாது. மீன் பிடிப்பவர் இன்னொரு நாள் கடலுக்குப் போகலாம். வளர்ப்பவருக்கோ போட்ட முதல் முழுவதும் அந்த ஒரே இடத்தில் கிடக்கிறது. அதனால் கனமழை எச்சரிக்கை வந்தவுடனேயே, விற்கும் அளவுக்கு வளர்ந்த மீனை எடுத்துவிடுவது நட்டத்தைக் குறைக்கும்.

காற்று அடங்கிய முதல் சில நாட்களில் ஆறு அடித்துவந்த மரக்கட்டைகள் பாதி மூழ்கியபடி மிதக்கும். இரவில் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த நாட்களில் படகை விடியற்காலையில் எடுப்பதே நல்லது.