கட்டி முடிக்காத மோட்டார் சைக்கிள்

எங்கள் மறுவாழ்வுப் பிரிவின் சன்னலோர மேசையில் அண்மையில் சில வாரங்கள் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் இருந்தது. முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். முதல் நாள்களில் அதற்குச் சக்கரமும் இல்லை, கைப்பிடியும் இல்லை. அவ்வழியே சென்றவர்கள் எல்லோரும் ஒருமுறை நின்று பார்த்தார்கள். சிலர், “மருத்துவமனையில் விளையாட்டுப் பொம்மைக்கு என்ன வேலை?” என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். தொடக்கத்தில் எங்களுக்கும் அந்த ஐயம் இருந்தது. அக்கேள்விக்கான விடையே இக்கட்டுரை. நோயாளரும் அவர் குடும்பத்தாரும் இசைந்ததன் பேரில், அவர்களின் அடையாளங்களைத் தவிர்த்து எழுதுகிறோம்.

பெட்டிக்குள் இருந்தது என்ன?

அவர் முப்பது ஆண்டுகள் இருசக்கர வண்டிகளைப் பழுதுபார்த்தவர். மூளையின் இடப்பக்கத்தில் ஏற்பட்ட இரத்தக்குழாய் அடைப்பால் வலக்கை வலுவிழந்தது. பேச்சும் சற்றுத் தடைப்பட்டது. தோளும் முழங்கையும் ஓரளவு தேறிய பின்னரும் விரல்கள் மட்டும் சோர்ந்தே இருந்தன. பயிற்சிக்காகக் கொடுத்த மரக்கட்டைகளையும் துளைப் பலகையையும் அவர் தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கிவைத்தார். ஒருநாள் அவர் மகன் ஒரு பெரிய பெட்டியுடன் வந்தார்.

டென்மார்க்கின் பில்லுண்ட் நகரில் 1932-இல் தொடங்கப்பட்ட லெகோ நிறுவனத்தின் கட்டுமானத் தொகுப்பு அது. அந்நிறுவனம் பற்சக்கரம், அச்சு, துளையிட்ட சட்டம் முதலியவற்றைக் கொண்டு இயங்கும் பொறிகளைக் கட்டுவதற்கான வரிசையை 1977 முதல் வெளியிட்டு வருகிறது. டெக்னிக் என்பது அவ்வரிசையின் பெயர். இத்தாலியின் பொலோனா நகரைச் சேர்ந்த டுகாட்டி நிறுவனத்தின் பானிகாலே வி4 எஸ் என்னும் பந்தய வகை வண்டியின் மாதிரி அதில் 2025-இல் வெளிவந்தது. மொத்தம் 1,603 துண்டுகள். உண்மை வண்டியின் ஐந்தில் ஒரு பங்கு அளவு. பின்சக்கரத்தைச் சுழற்றினால் எஞ்சினின் பிஸ்டன்கள் ஏறி இறங்கும். கியரை மாற்றலாம், கைப்பிடியைத் திருப்பலாம், அதிர்வுதாங்கிகளை அழுத்திப் பார்க்கலாம்.

இத்தகைய தொகுப்புகளைக் கட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பெரியவர்கள் உலகெங்கும் உள்ளனர். அந்த மகனும் அவர்களுள் ஒருவர். புதிய வண்டி ஒன்று வந்துவிட்டால் அவர்களிடையே நடக்கும் விவாதத்தை அவர் எங்களுக்கு விளக்கிச் சொன்னார். கேட்கச் சுவையாக இருந்தது.

ஒரு சாரார் கியர் பெட்டியைக் கண்டு மகிழ்கிறார்கள். 2020-இல் வந்த 646 துண்டுகள் கொண்ட டுகாட்டி மாதிரியில் இரண்டு கியர்களே இருந்தன. புதியதில் மூன்று கியர்களும் நியூட்ரலும் உண்டு. இன்னொரு சாரார், அழகிய எழுத்துகளையும் சின்னங்களையும் துண்டுகளின் மேலேயே அச்சிடாமல் ஒட்டுவில்லைகளாகக் கொடுத்திருப்பதைக் குறை சொல்கிறார்கள். கோணலாக ஒட்டிவிட்டால் பார்க்கும்போதெல்லாம் மனம் உறுத்தும் என்பது அவர்கள் வாதம். இடப்பக்கத்துக்குச் செய்ததையே வலப்பக்கத்துக்கும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்வோரும் உண்டு. விலை பற்றிய முறையீடு எந்தத் தொகுப்புக்கும் தப்புவதில்லை. எல்லோரும் ஒருசேரச் சொல்லும் ஏக்கம் ஒன்றும் இருக்கிறது: அரும்பாடுபட்டுக் கோத்த கியர் பெட்டி, வெளிக்கூட்டைப் பொருத்தியதும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது.

மகன் இவற்றையெல்லாம் ஆர்வத்தோடு சொல்லிக்கொண்டிருக்க, தந்தை பெட்டியின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, சொல் சொல்லாக, “கியர்... மூணுதானா? வண்டியில... ஆறுல்ல இருக்கும்?” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. உண்மை வண்டியில் ஆறு கியர்கள். துளைப் பலகையைத் திரும்பிப் பாராத மனிதர் பெட்டியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார், ஆனால் இடக்கையால்.

கட்டுநர்களின் குறைகள், எங்கள் தேவைகள்

அன்று மாலை எங்கள் செயல்வழிச் சிகிச்சையாளருடன் அமர்ந்து, மகன் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். பொழுதுபோக்காளர்களுக்குக் குறையாகத் தோன்றுபவற்றுள் பல, மீண்டுவரும் ஒரு கைக்குத் தேவையானவையாக இருந்தன.

ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது சலிப்பு என்கிறார்கள். பக்கவாதத்துக்குப் பின் மூளை தன் எஞ்சிய பாதைகளைக் கொண்டு கையை இயக்கக் கற்றுக்கொள்வதோ, திரும்பத் திரும்பச் செய்வதால்தான். துண்டுகள் மிகச் சிறியவை என்கிறார்கள். இத்தொகுப்புகளில் இரு துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு 8 மில்லிமீட்டர். அத்துளையில் ஒரு முளையைப் பொருத்தக் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டிவிரல் நுனியும் சேர வேண்டும். அதை அழுத்திச் செருக, சாவியைத் திருப்பும்போது பிடிப்பதுபோல் கட்டைவிரல் பக்கவாட்டில் அழுந்த வேண்டும். சட்டைப் பொத்தானைப் போடவும், மாத்திரையை அட்டையிலிருந்து எடுக்கவும், பூட்டைத் திறக்கவும் வேண்டிய பிடிகளும் இவையே. செய்முறை நூலில் படிகள் படங்களாகவே இருப்பதால், பேச்சும் வாசிப்பும் தடைப்பட்டவர்களும் பின்பற்ற முடிகிறது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பொம்மை மருந்து அன்று. விலை உயர்ந்த இத்தொகுப்பை வாங்குங்கள் என்று நாங்கள் எவருக்கும் பரிந்துரைக்கவில்லை. பூத்தொடுத்தல், பட்டாணி உரித்தல், நட்டும் போல்ட்டும் பூட்டுதல், பல்லாங்குழியின் பதினான்கு குழிகளில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக இடுதல் ஆகியவையும் இவ்விரல்களுக்கே வேலை தருகின்றன. எது அந்த மனிதரின் மனத்துக்கு நெருக்கமானதோ அதுவே சிறந்த பயிற்சிக் கருவி. வண்டிகளோடு வாழ்ந்த இவருக்கு அது மோட்டார் சைக்கிளாக அமைந்தது.

அன்பினால் நேர்ந்த பிழை

முதல் வாரம் நன்றாகவே சென்றது. நாளொன்றுக்கு இருபது நிமிடம். இடக்கை சட்டத்தைத் தாங்கிப் பிடிக்க, வலக்கை முளையைச் செருக வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒரு முளைக்கு நான்கு முயற்சிகள் ஆகும். இரண்டு தரையில் விழும். அவர் நெற்றியில் வியர்வை அரும்பும். அருகில் அமர்ந்திருக்கும் மனைவியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “என்னங்க, கொடுங்க, நான் அமுக்கித் தர்றேன்” என்று கை நீட்டுவார். அவரும் கொடுத்துவிடுவார்.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் காலை மேசைக்கு வந்தபோது கியர் பெட்டி முழுவதும் கட்டப்பட்டிருந்தது. தந்தை மகிழட்டும் என்று மகன் இரவு விழித்திருந்து முடித்திருந்தார். அன்று அவர் மேசையில் அமர்ந்தார். வலக்கையை மடியில் வைத்துக்கொண்டார். பயிற்சி நேரம் முடியும்வரை அதை எடுக்கவில்லை. எங்களிடமும் தவறு இருந்தது. எவ்வளவு உதவலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று குடும்பத்தாருக்கு நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பக்கவாதத்துக்குப் பின் நோயுற்ற கையைப் பயன்படுத்த முயன்று தோற்கும் ஒருவர், நல்ல கையாலோ பிறர் கையாலோ வேலை முடிந்துவிடுவதைக் காண்கிறார். நாளடைவில், அந்தக் கையில் மிஞ்சியிருக்கும் ஆற்றலையும் பயன்படுத்தாதிருக்கப் பழகிவிடுகிறார். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் இதைக் ‘கற்றுக்கொண்ட பயன்பாடின்மை’ என விளக்கினார். நல்ல கையைக் கையுறையிட்டுக் கட்டுப்படுத்தி, நோயுற்ற கையை விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் இயங்கச் செய்யும் சிகிச்சை அவருடைய ஆய்விலிருந்து பிறந்தது. பக்கவாதம் ஏற்பட்டு 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வு 2006-இல் வெளிவந்தது. இரண்டு வாரங்கள் அவ்வாறு பயிற்சி பெற்றவர்கள், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட ஓராண்டுக்குப் பின்னரும் கையை நன்கு பயன்படுத்தினர். மணிக்கட்டிலும் விரல்களிலும் ஓரளவேனும் அசைவு மிஞ்சியவர்களுக்கே இம்முறை பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே, உடனிருப்போர் அன்பு மிகுதியால் செய்து கொடுக்கும் ஒவ்வொரு வேலையும் அந்தக் கைக்குரிய ஒரு பயிற்சியைப் பறித்துக்கொள்கிறது. அம்மாவுக்கும் மகனுக்கும் இதைச் சொன்னபோது மகனின் முகம் வாடியது. “அப்பா கஷ்டப்படறதைப் பார்க்க முடியல டாக்டர்” என்றார். அவரைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

புஷ் இறுகியிருந்தது

மறுநாள் தந்தை பின்சக்கரத்தின் அச்சை இடக்கையால் மெல்லச் சுழற்றிப் பார்த்தார். சுழன்றது, ஆனால் ஒரு கியரில் மட்டும் கனத்தது. மகன் செய்முறை நூலைப் புரட்டிச் சரிபார்த்தார். எல்லாத் துண்டுகளும் அதனதன் இடத்தில் இருந்தன. தந்தை கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை சுழற்றினார். “புஷ்ஷு... டைட்டு” என்றார்.

அச்சில் பற்சக்கரம் நகராதிருக்கக் கோக்கப்படும் சிறு வளையத்தைத்தான் அவர் புஷ் என்றார். சற்று அதிகமாக அழுத்திவிட்டால் பற்சக்கரம் சட்டத்தோடு உரசும். முப்பது ஆண்டு அனுபவம் அதை விரல் நுனியில் கண்டுகொண்டது. அதைச் சரிசெய்யக் கியர் பெட்டியில் பாதியைப் பிரித்தாக வேண்டும். மகன் கை நீட்டினார். பிறகு தாமே கையை இழுத்துக்கொண்டார்.

அதைப் பிரித்துத் திரும்பக் கோக்க நான்கு நாள்கள் ஆயின. எதையும் செய்து கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது மனைவிக்குக் கடினமாக இருந்தது. அவர் வேறு வேலை ஒன்றைத் தேடிக்கொண்டார்: வீட்டிலிருந்து எவர்சில்வர் கிண்ணங்கள் கொண்டுவந்து, துண்டுகளை நிறம் பிரித்துக் கணவரின் வலப்பக்கத்தில் வைத்தார். எடுப்பதற்கே வலக்கை நீள வேண்டியதாயிற்று. நாங்கள் சொல்லாமலேயே அவர் கண்டறிந்த நல்ல வழி அது. ஒட்டுவில்லைகளை ஒட்டுவது மகனின் பங்கு. எது எங்கே, எவ்வளவு சாய்வாக என்று சொல்வது தந்தையின் பங்கு. பேச்சுக்கும் அது பயிற்சியானது.

அவர் வீடு திரும்பும்போது வண்டி முடிந்திருக்கவில்லை. முன்கூடும் கண்ணாடியும் எஞ்சியிருந்தன. அவர் கையும் முழுதாகத் தேறிவிடவில்லை. சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் மூன்றைத் தாமே போடுகிறார். கழுத்துப் பொத்தானுக்கு இன்னும் உதவி வேண்டும். இது பொம்மையால் வந்தது, இது மற்றப் பயிற்சிகளால் வந்தது, இது காலத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்ல எங்களால் இயலாது. அவர் வலக்கையை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வோம்.

வீட்டில் செய்வோர் கவனத்துக்கு

• கைவேலை எதையும் தொடங்குமுன் உங்கள் மருத்துவரையோ செயல்வழிச் சிகிச்சையாளரையோ கேளுங்கள். அண்மையில் எலும்பு முறிந்தவர்களும், தசைநாண் தைக்கப்பட்டவர்களும் அனுமதியின்றிச் செய்யலாகாது. கட்டைவிரல் அடிமூட்டில் தேய்மானம் உள்ளவர்களுக்கு முளைகளை அழுத்துவது வலியைக் கூட்டும்.

• ஒரு வேளைக்குப் பதினைந்து முதல் இருபது நிமிடம் போதும். வலியோ சோர்வோ தோன்றினால் நிறுத்துங்கள். நல்ல வெளிச்சம், முதுகைத் தாங்கும் நாற்காலி, முழங்கை ஊன்றும் உயரத்தில் மேசை ஆகியவை தேவை.

• மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டிலும், குழப்பத்தால் பொருள்களை வாயில் இடும் முதியோரிடத்தும் சிறு துண்டுகள் கூடாது. தட்டில் வைத்துச் செய்து, முடிந்ததும் மூடி வையுங்கள்.

• உதவும் முன் மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். அதன் பிறகும் தேவையானால், பொருளை நிலையாகப் பிடித்துக் கொடுங்கள். வேலையை முடித்துக் கொடுக்காதீர்கள்.

• அவர் இல்லாதபோது அவர் வேலையைத் தொடாதீர்கள்.

கியர் பெட்டி உள்ளே மறைந்துவிடுகிறதே என்று கட்டுநர்கள் வருந்துவதாக மகன் சொன்னார் அல்லவா? கடைசி நாளில் அதைத் தந்தையிடம் நினைவூட்டினோம். அவர் வலக்கையால், மெதுவாக, கியரை ஒருமுறை மாற்றிக் காட்டினார். பிறகு, “உள்ள இருந்தா என்ன... மாறுதுல்ல?” என்றார்.