சீட் கிடைத்தது சரி, அப்புறம்?

ஏப்ரல், மே வந்துவிட்டால் எங்கள் தெருவில் பெண்களின் பேச்சு முழுக்க, "ஆர்.டி.இ.யில போட்டுட்டீங்களா?" என்பதுதான். தனியார் பள்ளியில் பணம் கட்டாமல் படிப்பு என்றால் எந்தத் தாய்க்குத்தான் ஆசை வராது?

விவரம் தெரியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. சிறுபான்மையினர் நடத்தாத, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள், எல்.கே.ஜி. அல்லது முதல் வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்கும் ஒதுக்க வேண்டும். நலிந்த பிரிவு என்றால் நம் மாநிலத்தில் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். 8-ம் வகுப்பு வரை அரசு பணம் கொடுக்கும். அதுவும் பள்ளி கேட்கிற தொகை அல்ல. அரசு ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு, பள்ளியின் கட்டணம் இரண்டில் எது குறைவோ அதுதான்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் பிளவுஸ் தைத்துக் குடும்பம் நடத்துபவள். 2017-ல் மகளுக்குக் குலுக்கலில் எல்.கே.ஜி. சீட் விழுந்ததும் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாள். ஜூன் மாதம் பள்ளிக்குப் போய்விட்டு வந்தவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "புக்கு, நோட்டு, யூனிஃபார்ம், ஷூ எல்லாத்துக்கும் தனியா கட்டணுமாம்க்கா. ஃப்ரீன்னுதானே சொன்னாங்க?" என்றாள். அந்தத் தொகை அவள் வீட்டு வாடகையைவிட அதிகம். தோட்டை அடகு வைத்துத்தான் கட்டினாள். ரசீது கேட்டால் கொடுக்கவில்லை. புத்தகம், சீருடைச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியது. உங்களிடம் யாராவது கேட்டால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் ஆகும் பணத்தை நம் அரசுப் பள்ளிக்கே கொடுத்தால் என்ன என்று என் வீட்டுக்காரர் கேட்பார். கர்நாடகத்தில் 2018-19-ல் அப்படித்தான் விதியை மாற்றினார்கள். பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தால் தனியாரில் இந்த இடம் கிடையாது. மகாராஷ்டிரத்தில் 2024-ல் அதையே செய்யப் போக, மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

தனியாரில் படித்தால் பிள்ளை நன்றாகப் படிக்குமா என்பது வேறு விஷயம். என் தம்பி மகள் பொருளாதாரம் படிக்கிறாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிரிக்கப்படாத ஆந்திரத்தில் 180 கிராமங்களில் குலுக்கல் போட்டுப் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பி, நான்கு வருடம் கழித்துச் சோதித்திருக்கிறார்கள் கார்த்திக் முரளிதரன் என்ற பொருளியல் அறிஞரும் அவருடன் இருந்தவரும். முடிவு 2015-ல் வெளியானது. தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லையாம். இந்தியில் மட்டும் இவர்கள் மேல். ஆனால் தனியார் பள்ளியில் ஒரு பிள்ளைக்கான செலவு, அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதைக் கேட்டு இரண்டு கட்சிக்காரர்களும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்பார்கள்!

டெல்லியில் இன்னொரு ஆராய்ச்சி. ஏழைப் பிள்ளைகளுடன் ஒரே வகுப்பில் படித்த பணக்காரப் பிள்ளைகள், மற்றவர்களுக்குக் கொடுக்கும் மனசு உள்ளவர்களாக, ஏழை என்று ஒதுக்காதவர்களாக இருந்தார்களாம். கௌதம் ராவ் என்பவர் 2019-ல் எழுதியது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். ஆனால் மாடி வீட்டுப் பெண்ணின் மகள், தோழிகளின் பிறந்த நாளுக்குப் போட்டுக்கொள்ள நல்ல கவுன் இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுவாள். அதை எந்த ஆராய்ச்சியில் சேர்ப்பது?

அரசின் பணம் வந்தால்தான் இந்த இடமே. 2025-26-ல் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் கல்வி நிதியில் தகராறு. மே மாதம் நடக்க வேண்டிய சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. ஜூனில் பள்ளி திறந்தபோது பணம் கட்டிச் சேர்த்தவர்கள் ஒரு பக்கம், காத்திருந்தே வேறு வழி பார்த்தவர்கள் ஒரு பக்கம். சண்டை போட்டது பெரியவர்கள். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

அந்தப் பெண்ணின் மகள் 2025-26-ல் 7-ம் வகுப்பு. 8-ஐத் தாண்டினால் முழுக் கட்டணம். "ஒம்பதாவதுக்கு எங்கக்கா சேர்க்கிறது?" என்று இப்போதே கேட்கிறாள். அரசுப் பள்ளிக்கு மாற்றினால் அவமானம் என்கிறார் மாமியார். அதில் அவமானம் என்ன வந்தது? மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில், ஆர்.டி.இ.யில் 8 வரை தனியாரில் படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் சேர்த்தி. இது பல தாய்மார்களுக்குத் தெரிவதில்லை. ஆர்.டி.இ.யில் படித்ததாகப் பள்ளியில் எழுதி வாங்கி, ரேஷன் கார்டோடு பத்திரமாக வைக்கும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

- ஒரு வாசகி, ஈரோடு