பண்டை யப்பானியரின் சமூகமும் சமயமும் வாழ்வும்

யப்பானியர் பிறரிடமிருந்து பெற்ற நாகரிகத்தையே தமதெனக் கொண்டு வாழ்ந்தவர் என்பது பலரும் கூறும் கூற்றாகும். எழுத்து சீனருடையது. புத்தசமயம் இந்தியாவிற் பிறந்து சீனாவையும் கொரியாவையும் கடந்து வந்தது. சட்டம், நாட்காட்டி, தலைநகரின் வீதியமைப்பு, நெற்செய்கை ஆகியனவும் அயலிலிருந்து வந்தவையே. இவையெல்லாம் உண்மை. ஆயினும், இத்துணையும் பெற்ற ஒரு மக்கட்கூட்டம் சீனப் பெருநாட்டினுட் கரைந்துபோகாது, தன் மொழியோடும் தன் தெய்வங்களோடும் நிலைத்து நின்றது எவ்வாறு என்னும் வினா எழுகின்றது. அதனோடு பிறிதொரு வினாவும் எழுதல் வேண்டும். அதனை வரலாற்று நூல்கள் அத்துணை விரைவில் எழுப்புவதில்லை. வந்த செல்வத்தை நுகர்ந்தவர் யாவர்? அதற்குரிய விலையைக் கொடுத்தவர் யாவர்? இவ்விரு வினாக்களையும் உளத்திற்கொண்டு, நெல் வந்த காலந்தொட்டுக் கி. பி. பத்தாம் நூற்றாண்டு வரையுள்ள யப்பானை ஈண்டு நோக்குவாம்.

பதினாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அத்தீவுகளில் வாழ்ந்த ஜோமோன் மக்கள் மட்கலம் வனைவதில் வல்லவர். வேட்டையும் மீன்பிடித்தலும் காட்டுக்காய்களுமே அவர்தம் வாழ்க்கைக்கு ஆதாரம். கி. மு. முதலாம் ஆயிரத்தாண்டிலே கொரியாவின் வழியாக வயல்நெல் வட கியூஷுவை அடைந்ததும் யாவும் மாறின. சிசுவோக்கா நகரில் தோரோ என்னுமிடத்தில் 1943 இல் வெளிப்பட்டு, போர் முடிந்தபின் 1947 முதல் முறையாக அகழப்பட்ட பழைய ஊர் இம்மாற்றத்தைக் கண்முன் நிறுத்துகின்றது. பலகைகள் அறைந்து வரம்பு கட்டிய வயல்களும், நீர் பாய்ச்சும் கால்வாய்களும், தாழ்ந்த கூரையையுடைய குடிசைகளும் அங்குக் காணப்பட்டன. நெற்களஞ்சியங்களோ தூண்களின்மீது உயர்த்திக் கட்டப்பட்டிருந்தன. எலி ஏறாவண்ணம் தூண்களின் தலையிலே தட்டுப்பலகைகள் பொருத்தப்பட்டிருந்தன. மக்கள் தரையோடு தரையாக வாழ, நெல் உயரத்தில் வாழ்ந்தது எனலாம்.

யப்பானியரின் பழஞ்சமயத்தை அறிதற்கு அக்களஞ்சியமே நல்ல வழிகாட்டி. ஞாயிற்றுத் தெய்வமாகிய அமத்தெரசு உறையும் ஈசேத் திருக்கோயிலின் கட்டட அமைப்பு அப்பழைய களஞ்சியத்தின் அமைப்பேயாம். மரத்தாலும் புல்வேய்ந்த கூரையாலும் அமைந்த அக்கோயில் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்திலே புதிதாகக் கட்டப்படும். பின்னர்ப் பழையது பிரிக்கப்படும். இவ்வழக்கம் 690 இல் தொடங்கியது. உள்நாட்டுப் போர்களால் இடையில் நூறாண்டுக்கு மேல் தடைப்பட்டதாயினும், 62ஆம் முறையாக 2013 இல் நிறைவேறியது. நாம் கல்லிலே கோயில் எடுத்து நிலைபேற்றை நாடினோம். அவர் மரத்தை மீண்டும் மீண்டும் புதுக்கி அதனை நாடினர்.

சின்தோ எனப் பிற்காலத்துப் பெயர் பெற்ற இச்சமயத்திற்கு நிறுவியவர் இல்லை. மலை, அருவி, பெருமரம், குலமுதல்வர் என அச்சமும் வியப்பும் விளைக்கும் யாவற்றிலும் ‘காமி’ உறைவதாக மக்கள் நம்பினர். அவர்கள் எதனைப் பாவமெனக் கொண்டனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. ஆண்டிற்கு இருமுறை நிகழ்ந்த பெருந்தூய்மைச் சடங்கிலே ஓதப்பட்ட மந்திரவுரை, ‘வானுலகப் பாவங்கள்’ எனச் சிலவற்றை எண்ணிச் சொல்கின்றது. வயல்வரம்பை உடைத்தல், வாய்க்காலைத் தூர்த்தல், விதைத்த நிலத்தின்மீது மீண்டும் விதைத்தல் என்பன அவற்றுள் முதன்மையானவை. அமத்தெரசுவின் இளவலாகிய சுசானோவோ அவளுடைய வயல்வரம்பை உடைத்து வாய்க்காலைத் தூர்த்தான் என்றே 712 இல் எழுதப்பெற்ற ‘கோஜிக்கி’ கூறுகின்றது. அவனது அடாத செயல்களுக்கு அஞ்சியே ஞாயிறு குகையில் ஒளிந்தது, உலகும் இருண்டது. ஊர் கூடி நீர் பகிர்ந்துண்ணும் வாழ்வில், அந்நீருக்குச் செய்யும் கேடே தெய்வக் குற்றமாயிற்று. இதனைக் கற்ற பின்னரும் அச்சமயத்தை வெறும் இயற்கை வணக்கமெனச் சிலர் எளிதிற் கூறிச்செல்வது எமக்கு ஏற்புடையதன்று.

மூன்றாம் நூற்றாண்டில் அந்நாட்டின் நிலையைச் சீன வரலாற்று நூலொன்று சுருங்கக் கூறுகின்றது. யமத்தை என்னும் நாட்டை ஹிமிகோ என்ற அரசி ஆண்டாள், மணம் புரியாதவள், தெய்வமேறி வாக்குரைப்பவள். அவளுடைய தம்பி ஆட்சிக் கருமங்களிற் துணைநின்றான். 239 இல் அவள் தூதர் சீனம் சென்றனர். அவள் இறந்தபின் ஆடவனொருவன் அரியணை ஏற, மக்கள் பணியாது கலகம் விளைத்தனர். அக்குலத்துப் பதின்மூன்று வயதுச் சிறுமியை அரசியாக்கிய பின்னரே நாடு அமைதியடைந்தது. மக்கள் கையால் உண்டனர் என்றும், பெரியோரைக் கண்டால் முழந்தாளிடுவதற்கு ஈடாகக் கைதட்டி வணங்கினர் என்றும், பிணத்தை அடக்கியபின் குடும்பத்தார் நீரிலிறங்கி மூழ்கினர் என்றும் அந்நூல் கூறும். இன்றும் சின்தோக் கோயிலின் முன் கைதட்டி வணங்குவோரைக் காண்கின்றோம்.

பெண்டிர்க்கிருந்த இவ்வுயர்வு ஹிமிகோவோடு மறைந்துவிடவில்லை. 592 முதல் 770 வரை அறுவர் பெண்கள் பேரரசியராயினர். அவருள் இருவர் இருமுறை அரியணை ஏறினர். மணமுறையிலும் கணவன் மனைவியின் இல்லத்திற்குச் சென்றுவருவதே உயர்குடியினரிடைப் பெருவழக்காயிருந்தது. பிள்ளைகள் தாய்மனையிலே வளர்ந்தனர். சீனச் சட்டத்தின் தந்தைவழிக் குடும்பமுறை ஏட்டளவில் வந்த பின்னரும், இவ்வழக்கம் நெடுங்காலம் அதற்கு இடங்கொடாது நின்றது.

ஆறாம் நூற்றாண்டின் நடுவிலே கொரியாவின் பெக்சே நாட்டு மன்னன் புத்தர் படிமத்தையும் சூத்திர ஏடுகளையும் யமத்தோ அரசவைக்கு அனுப்பினான். பிறநாட்டுத் தெய்வத்தை வணங்கின் நம் காமிகள் சினப்பர் என மொனோனோபே குலத்தார் தடுத்தனர். அயல்நாடெல்லாம் வணங்குவதை நாம் மட்டும் விடுவதெங்ஙனம் எனச் சோகா குலத்தார் வாதித்தனர். ஈற்றில் 587 இல் போரிலே சோகா குலம் வென்றது. இது சமயப் போரெனத் தோன்றினும், அரசவையில் முதன்மை யாருக்கு என்பதே அதன் உட்கிடை. இதன் சான்று யாதெனின், வென்றவர் காமிகளின் கோயிலை அழிக்க முற்படாமையே. புத்தரும் காமியரும் அருகருகே இருந்தனர். பின்னர் ஒருவருக்கொருவர் உறவினருமாயினர்.

அவ்வுறவு முற்றிய காலம் நாரா நகர் தலைநகராயிருந்த 710 முதல் 784 வரையுள்ள காலமாகும். 735 தொடங்கி 737 வரை பெரியம்மை நாட்டை வாட்டியது. மக்களுள் நாலில் ஒரு பங்கினர்க்கு மேல் மாண்டிருக்கலாமென ஆய்வாளர் கணிப்பர். அரசவையை ஆட்டிவைத்த புஜிவாரா உடன்பிறந்தார் நால்வரும் 737 ஆம் ஆண்டொன்றிலேயே மடிந்தனர். துன்பத்தால் நடுங்கிய ஷோமு பேரரசர், 741 இல் மாகாணந்தோறும் விகாரை எழுப்பப் பணித்தார். 743 இல் வைரோசன புத்தருக்கு மாபெரும் வெண்கலப் படிமம் வார்க்க உறுதிபூண்டார். ஒரு புல்லிதழேனும் ஒருபிடி மண்ணேனும் கொண்டுவர விரும்பும் எளியவனையும் தடுக்காதீர் என்பது அவர் கட்டளையின் கருத்து. பாலமும் குளமும் அமைத்து மக்கள் அன்பைப் பெற்றிருந்த கியோகி என்னும் துறவியை 717 இல் கண்டித்த அரசே, அவர் பின்னே மக்கள் திரள்வது கண்டு, இப்போது துணைக்கழைத்தது. 745 இல் சங்கத்தின் மிக உயர்ந்த பதவியையும் அளித்தது. உசா என்னும் ஊரிலிருந்த ஹச்சிமான் என்ற காமியும் இப்பணிக்குத் துணைநிற்பதாக வாக்குரைக்கவே, அத்தெய்வத்தைத் தலைநகருக்கு எழுந்தருளச் செய்தனர்.

ஏறத்தாழ 15 மீற்றர் உயரமான அப்படிமத்திற்குக் கண்திறக்கும் விழா 752 இல் தோதாய்ஜி விகாரையில் நிகழ்ந்தது. கண் எழுதியவர் 736 இல் அங்குச் சென்ற இந்தியத் துறவி போதிசேனர். அவர் பிடித்த தூரிகையிலே நீண்ட கயிறுகள் கட்டப்பட்டிருந்தன. கூடியிருந்தோர் அவற்றைப் பற்றி நின்று அப்புண்ணியத்திற் பங்குகொண்டனர். அத்தூரிகை ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் உள்ளது.

போதிசேனரோடு மட்டும் நம்முடைய தொடர்பு நின்றுவிடவில்லை. பௌத்தத்தின் பின்னே நம் தெய்வங்களும் அங்குச் சென்றன. பிரமன் ‘பொன்தென்’ எனவும், இந்திரன் ‘தைஷாகுதென்’ எனவும், திருமகள் ‘கிச்சிஜோதென்’ எனவும், கலைமகள் ‘பென்சாய்தென்’ எனவும் வணங்கப்பெற்றனர். விநாயகரும் ஒன்பதாம் நூற்றாண்டளவில் மந்திரயான பௌத்தத்தோடு சென்று ‘கங்கிதென்’ ஆயினார். அவருக்குப் படைப்பது முள்ளங்கி. எழுத்திலும் ஒரு தொடர்பு உண்டு. சீன எழுத்துக்களைச் சுருக்கி யப்பானியர் ஆக்கிக்கொண்ட ‘கானா’ எழுத்துக்களை வரிசைப்படுத்தியபோது, வடமொழிச் சித்தமெழுத்தைக் கற்ற பௌத்தத் துறவியரின் முறையே வழிகாட்டியாயிற்று. உயிர்கள் அ, இ, உ, எ, ஒ என நிற்கும். மெய்களோ க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்னும் அடைவிலே வரும். இன்று ஹகரமாக ஒலிக்கும் வரிசை பண்டு பகரமாயிருந்தது என்பர் மொழிநூலார். இவ்வடைவை நம் அரிச்சுவடியோடு ஒப்பிடும் மாணவன் வியப்படைதல் கூடும். இரண்டும் இந்திய ஒலிநூல் முறையைத் தழுவியவை என்பதறிந்தால் வியப்பு நீங்கும்.

இனி அரசியலை நோக்குவாம். 701 இல் நிறைவுற்ற தைஹோச் சட்டத்தொகுதி தாங் சீனாவின் சட்டத்தைப் பின்பற்றியது. ஆயினும் தெரிவு நிகழ்ந்தது. சீனத்தில் இல்லாத காமிப் பணித் திணைக்களமொன்றை அமைச்சவைக்கு ஒப்ப வைத்தனர். அரண்மனைக்கு அலிகளை அமர்த்தும் வழக்கத்தை ஏற்றிலர். தகுதியிழந்த அரசனிடமிருந்து வானகம் ஆணையைப் பறித்துக்கொள்ளும் என்ற சீனக் கோட்பாட்டையும் ஏற்றிலர். ஞாயிற்றின் வழித்தோன்றலுக்கு அஃது ஒவ்வாது. தேர்வு எழுதி எளிய குடியிற் பிறந்தோனும் பதவி பெறும் வழியைப் பெயரளவில் ஏற்று, உயர்பதவிகளைக் குடிப்பிறப்புக்கே உரியனவாக்கினர். யப்பானியர் தெரிந்து கொண்டனர் எனப் புகழுங்கால், தெரிந்துகொண்டவர் அரண்மனையாரே என்பதை மறத்தல் தகாது.

உழவனுக்கு அச்சட்டம் தந்தது நிலமும் சுமையும். ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடிக்கணக்கு எடுக்கப்பட்டது. ஆறு வயதடைந்த ஆணுக்கு அரை ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட வயலும், பெண்ணுக்கு அதில் மூன்றில் இரு பங்கும் கிடைத்தன. இறந்தால் நிலம் அரசுக்கு மீளும். நெல்வரி விளைவில் நூற்றுக்கு மூன்றளவே. அவ்வளவோடு நின்றிருந்தால் அதனினும் இனிய ஆட்சி இல்லை. ஆனால், துணியும் கடற்பொருளும் பிறவும் தலைநகருக்கு இறுக்கவேண்டும். ஆண்டிற்கு அறுபது நாள் வரை மாகாணத் தலைவனுக்கு உழைக்கவேண்டும். அரசு கடனாகக் கொடுக்கும் விதைநெல்லுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி. கீழை மாகாணத்து இளைஞர் சிலர் மூவாண்டுக் கரைகாவலுக்காகத் தொலைவிலுள்ள கியூஷு செல்லவேண்டும். பிரிவாற்றாது அவரும் அவர் மனைவியரும் பாடிய பாட்டுக்கள், எட்டாம் நூற்றாண்டிற் தொகுக்கப்பெற்ற ‘மன்யோஷு’வில் உள்ளன.

வரிப்பொருளைச் சுமந்து செல்வதும் உழவன் கடமையே, வழியுணவும் அவனுடையதே. இன்றைய தோக்கியோ அடங்கிய முசாசி மாகாணத்திலிருந்து தலைநகர் செல்ல 29 நாளும், வெறுங்கையோடு மீள 15 நாளும் பிடிக்குமெனப் பத்தாம் நூற்றாண்டுச் சட்டநூலொன்று கணக்கிடுகின்றது. மீளும்போது உணவின்றி வழியில் வீழ்ந்து மடிவோர் பலர் என 712 ஆம் ஆண்டு அரசாணையே ஒப்புக்கொள்கின்றது.

சுமந்து சென்ற பொருள் எங்கே போயிற்று? 1988 இல் நாரா நகரிலே நாகயா இளவரசரின் மாளிகை இருந்த இடம் அகழப்பட்டபோது ஏறக்குறைய 35,000 மரச்சிட்டைகள் கிடைத்தன. வரிமூட்டையிற் கட்டியவையும், மாளிகைப் பணியாளர் எழுதிக்கொண்டவையுமான அச்சிட்டைகள் அவ்வீட்டின் அன்றாடச் செலவைக் காட்டுகின்றன. கோடையில் பனிக்கட்டி வந்தது, பால் வந்தது, கடற்சிப்பியிறைச்சி வந்தது. மாளிகை நாய்களுக்குச் சோற்றரிசி அளக்கப்பட்டது. உழவனோ தினையையும் கீரையையும் கடற்பாசியையும் உண்டு, சணற்றுணி உடுத்து, நிலத்தை அகழ்ந்தமைத்த குடிசையில் வைக்கோல் விரித்து உறங்கினான். பருத்தியாடை அந்நாட்டிற் பரவியது பல நூற்றாண்டுகளின் பின்னரே. மாகாணத் தலைவராயிருந்த யமனோவே நோ ஒக்குரா என்னும் புலவர், வறியோர் இருவர் உரையாடுவதாகப் பாடிய பாட்டிலே, சோறு காணாத பானையில் சிலந்தி வலை பின்னுவதையும் ஊர்த்தலைவன் பிரம்போடு வாயிலில் நின்று கூவுவதையும் காட்டுகின்றார். வரி தண்டும் அதிகாரியே அதனைப் பாடினார் என்பது அப்பாட்டின் மதிப்பை உயர்த்துகின்றது.

உழவன் வாய்திறந்து எதிர்க்கவில்லை. வேறு வழி கண்டான். பலர் ஊரைவிட்டு ஓடினர். விகாரைகளின் நிலத்திலும் பிரபுக்களின் நிலத்திலும் தஞ்சம் புகுந்தனர். புதிதாகத் திருத்திய நிலம் திருத்தியவனுக்கே என்றும் உரியது என 743 இல் அரசு சட்டமியற்றியதும், ஆள்வலி படைத்த விகாரைகளும் பெருங்குடிகளும் நிலத்தைப் பெருக்கின, அரசுநிலம் சுருங்கிற்று. ஓடாதவர் கணக்கேட்டிலே மறைந்துகொண்டனர். 702 ஆம் ஆண்டுக் குடிக்கணக்குச் சில இன்றும் உள. அவற்றின் வெற்றுப்பக்கத்தைத் தோதாய்ஜியின் எழுத்தர் பிறிது கணக்கெழுதப் பயன்படுத்தியமையால் அவை தப்பின. அவற்றில் ஆணும் பெண்ணும் நம்பத்தக்க அளவிற் காணப்படுகின்றனர். இருநூறாண்டு கழித்து 902 இல் அவா மாகாணத்து ஊரொன்றில் எடுத்த கணக்கிலோ எங்கும் பெண்களே. ஆண்கள் மிகச் சிலர். பெண் நிலம் பெறுவாள், ஆனால் ஆணுக்குரிய உழைப்பும் சுமையும் அவளுக்கில்லை என்பதை அவ்வூரார் அறிந்திருந்தனர்.