ஊருக்கும் ஒரு வரவுசெலவுக் கணக்கு

மாத வருமானம் கைக்கு வந்தவுடன் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் எனப் பிரித்துவைத்து, எஞ்சியதைச் சேமிப்பது நம் குடும்பங்களின் வழக்கம். வருமானம் குறைந்த மாதத்தில் எந்தச் செலவைத் தள்ளிவைக்கலாம் என்பதையும் நாம் அறிவோம். ஒரு குடும்பம் போடும் இக்கணக்கை ஓர் ஊரே கூடிப் போட இயலுமா? இயலும் என்பதற்கு மகாராஷ்டிர மாநிலத்தின் ஹிவ்ரே பஜார் என்னும் சிற்றூர் சான்றாக விளங்குகிறது.

முன்னர் அகமதுநகர் என்றும் தற்போது அகில்யாநகர் என்றும் வழங்கப்படும் மாவட்டத்தில், சஹ்யாத்ரி மலைத்தொடரின் மழைமறைவுப் பகுதியில் இவ்வூர் அமைந்துள்ளது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் மட்டுமே. பல ஆண்டுகளில் அதுவும் கிட்டுவதில்லை. 1972ஆம் ஆண்டின் கடும் வறட்சி இவ்வூரையும் நிலைகுலையச் செய்தது. மலைச்சரிவுகளில் மரங்கள் அழிந்தமையால் பெய்த மழை மண்ணை அரித்துக்கொண்டு ஓடியது. கிணறுகள் வற்றின. பிழைப்புத் தேடிக் குடும்பங்கள் நகரங்களுக்குப் புறப்பட்டன.

1989ஆம் ஆண்டில், வணிகவியலில் முதுகலைப் பட்டம் பெற்ற போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசுத் திட்டங்களின் நிதியோடு ஊர்மக்களின் உழைப்புக் கொடையும் இணைந்தது. மலைச்சரிவுகளில் சம உயர அகழிகள் வெட்டப்பட்டன. ஓடைகளில் தடுப்பணைகளும் கசிவுநீர்க் குட்டைகளும் அமைந்தன. மரம் வெட்டுவதற்கும் கால்நடைகளைக் கட்டுப்பாடின்றி மேயவிடுவதற்கும் கிராமசபை தடை விதித்தது. மேய்ச்சல் நின்ற இடங்களில் புல் செழித்தது. தீவனம் பெருகியதால் பால் உற்பத்தியும் உயர்ந்தது. வெளியேறிய குடும்பங்களுள் பல ஊர் திரும்பின. பவாரின் பணிக்காக 2020ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தடுப்பணைகள் நாட்டின் பல ஊர்களிலும் கட்டப்பட்டுள்ளன. ஆயினும் சேர்ந்த நீரைச் சில ஆண்டுகளிலேயே உறிஞ்சித் தீர்த்த ஊர்களும் உண்டு. ஹிவ்ரே பஜாரை வேறுபடுத்திக் காட்டுவது அவ்வூரார் ஆண்டுதோறும் போடும் நீர்க்கணக்கு ஆகும்.

நிலத்தடி நீரை ஒரு கூட்டுக் கணக்காகக் கருதலாம். அதிலிருந்து எடுக்கும் வாய்ப்பு நிலமுள்ள அனைவருக்கும் உண்டு. இருப்பு எவ்வளவு என்பதை மட்டும் எவரும் பார்ப்பதில்லை. ஒருவர் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்தினால் அண்டை நிலத்தாரின் கிணறு வற்றுகிறது. அவரும் கடன் பெற்று அதைவிட ஆழமாகத் தோண்டுகிறார். இறுதியில் இரு கிணறுகளும் வற்றினாலும் கடன் தவணைகள் நிற்பதில்லை. கிராமப்புறக் கிளைகளில் பணியாற்றிய வங்கி அலுவலர்கள் இத்துயரத்தை நன்கு அறிவர்.

இந்நிலையைத் தவிர்க்க அவ்வூரார் மழைமானியால் மழையையும், கிணறுகளில் நீர்மட்டத்தையும் அளக்கின்றனர். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10,000 லிட்டர் நீராகும். ஊரின் பரப்பு ஏறத்தாழ 1,000 ஹெக்டேர். எனவே 100 மில்லிமீட்டர் மழை என்பது ஏறத்தாழ 100 கோடி லிட்டர். இதில் ஆவியாவதும் வழிந்தோடுவதும் போக, மண்ணிலும் நிலத்தடியிலும் தங்குவதே உண்மையான வரவு.

செலவில் முதலிடம் மக்களின் குடிநீருக்கும் கால்நடைகளுக்கும். அடுத்து வீட்டின் பிற தேவைகளுக்கு. வருங்காலத்திற்கென ஒரு பகுதியை ஒதுக்கிய பின்னரே பாசனத்திற்கு எவ்வளவு என்று முடிவாகிறது. மழை குறைந்த ஆண்டில் சாகுபடித் திட்டமும் சுருங்குகிறது. நீரை மிகுதியாக வேண்டும் கரும்பும் வாழையும் தவிர்க்கப்படுகின்றன. பாசனத்திற்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதில்லை என்பதும் ஊரின் தீர்மானம். கரும்பு தரக்கூடிய வருவாயை விட்டுக்கொடுப்பது எளிதன்று. கணக்கு அனைவர் முன்னிலையிலும் வைக்கப்படுவதாலும், விதி அனைவருக்கும் ஒன்றாக இருப்பதாலுமே அந்த இசைவு நிலைக்கிறது.

இதே நெறியைப் பணத்தில் கடைப்பிடிப்பவை சுயஉதவிக் குழுக்கள். 1992ஆம் ஆண்டில் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துதல், ஒழுங்கான கணக்கேடு ஆகிய ஐந்தும் இக்குழுக்களின் அடிப்படை. மழை பொய்த்த ஆண்டில் மருத்துவச் செலவுக்குக் கந்துவட்டிக்காரரை நாடாமல் ஒரு குடும்பத்தைக் காப்பது, நல்ல ஆண்டுகளில் வாரந்தோறும் சேர்த்த அச்சிறுதொகையே.

ஊராலும் குழுவாலும் தாங்க இயலாத இழப்புகளுக்கே காப்பீடு. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் தற்போதைய ஆண்டுப் பிரீமியம் 20 ரூபாய். விபத்தினால் மரணம் நேரிட்டால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் 436 ரூபாய் பிரீமியத்துக்கு, எக்காரணத்தால் மரணம் நேர்ந்தாலும் 2 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. 18 முதல் 50 வயது வரையிலானோர் சேரலாம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ள மாநிலங்களில், உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய்வித்துகளுக்கும் விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் காரிஃப் பருவத்தில் 2 விழுக்காடு, ராபி பருவத்தில் 1.5 விழுக்காடு என்ற உச்சவரம்புக்கு உட்பட்டது.

இங்கு ஒரு நினைவூட்டல் அவசியம். முதல் இரு திட்டங்களின் காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. புதுப்பிப்புக்கான பிரீமியம் மே மாத இறுதியில் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே பற்று வைக்கப்படும். அவ்வேளையில் கணக்கில் போதிய இருப்பு இல்லையெனில் காப்பீடு தொடராது. விவரம் அறியாத குடும்பத்தினர் இழப்பு நேர்ந்த பின்னரே அதை அறிய நேரிடும். ஆகவே மே மாதத் தொடக்கத்திலேயே தங்கள் கணக்கையும், முதியோரும் எழுத்தறியாதோருமான அண்டை வீட்டாரின் கணக்கையும் சரிபார்க்க உதவுங்கள். நியமனதாரர் பெயர் பதிவாகியுள்ளதா என்பதையும் கிளையில் கேட்டறியுங்கள்.

வறட்சியை எந்த ஊராலும் தடுத்துவிட இயலாது. இருப்பை அறிந்து, செலவின் வரிசையை முன்கூட்டியே பேசி முடித்த ஊரில், வறண்ட ஆண்டிலும் மக்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டியதில்லை. தங்கள் ஊரின் அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் நீர் இருப்பு எவ்வளவு என்னும் கேள்வியைத் தாங்களே எழுப்பலாம்.