உணவு ஒவ்வாமையும் ஒரு நாட்டின் கூட்டு முயற்சியும்

உடலை வளர்க்கும் உணவே சிலருக்குப் பகையாகி, உயிருக்கே இடையூறு விளைவிப்பதுண்டு. பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி, கோதுமை, மீன், இறால் போன்ற அன்றாட உணவுப் பொருள்களே பெரும்பாலும் இதற்குக் காரணமாகின்றன. இதனை உணவு ஒவ்வாமை என்பர். இத்துன்பம் மிகுதியாகக் காணப்படும் நாடுகளுள் ஆஸ்திரேலியா ஒன்று. அந்நாட்டு மருத்துவர்களும் ஆராய்ச்சியாளர்களும் பெற்றோர்களும் அரசாங்கமும் ஒன்றுகூடி இதனை எதிர்த்துப் பணியாற்றி வரும் முறை நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

ஒவ்வாமை என்பது யாது?

நோய்க் கிருமிகளை எதிர்த்து நிற்பதற்கென நம் உடலில் ஓர் ஆற்றல் அமைந்துள்ளது. தீங்கற்ற உணவிலுள்ள புரதத்தை அவ்வாற்றல் பகையெனப் பிழையாகக் கொள்ளுமாயின் ஒவ்வாமை தோன்றுகிறது. அவ்வுணவை மீண்டும் உண்ணும்போது ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் உடலில் வெளிப்பட்டு, தோலில் தடிப்பு, உதட்டில் வீக்கம், வாந்தி ஆகியவற்றை உண்டாக்குகின்றன. நிலைமை கடுமையானால் தொண்டை வீங்கி, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் வீழ்ந்து, சிறிது நேரத்திலேயே உயிர் பிரியவும் கூடும். அப்போது தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே முதல் மருந்தாகும்.

மாறிய அறிவுரை

2007 முதல் 2011 வரை மெல்பர்ன் நகரில், தடுப்பூசி நிலையங்களுக்கு வந்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஒரு வயதுக் குழந்தைகள் ஆராயப்பட்டனர். ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தைக்கு ஏதேனும் ஓர் உணவு ஒவ்வாதிருந்தது. நோயின் பரப்பு இக்கணக்கினால் நன்கு விளங்கிற்று.

ஒவ்வாமைக்கு இலக்காகக்கூடிய குழந்தைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலை தரலாகாது என்பதே முன்னர் மேலை நாடுகள் சிலவற்றில் வழங்கிய அறிவுரை. 2015இல் லண்டனிலிருந்து வெளியான ஆராய்ச்சி ஒன்று இதனைத் தலைகீழாக மாற்றிற்று. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு நிலக்கடலை உணவைத் தவறாது அளித்தும், மறு பிரிவினருக்கு அதை முற்றும் விலக்கியும் ஐந்து வயது வரை கவனித்தனர். விலக்கியவர்களுள் நூற்றுக்கு 17 பேருக்கும், உண்டவர்களுள் நூற்றுக்கு 3 பேருக்கும் ஒவ்வாமை காணப்பட்டது.

ஒன்றுபட்ட பணி

ஆராய்ச்சியின் முடிவு ஏட்டளவில் நின்றால் பயனில்லை. அது தாய்மாரிடம் சென்று சேர வேண்டும். இதனை உணர்ந்து, ஆஸ்திரேலியாவின் ஒவ்வாமை மருத்துவர் சங்கமும், நோயுற்றோர் நலம் பேணும் சங்கமும் இணைந்து 2015இல் தேசிய ஒவ்வாமைத் திட்டத்தை வகுத்தன. ஒரு வயது நிறைவதற்குள் நிலக்கடலை, முட்டை முதலியவற்றைக் குழந்தைக்குத் தக்க வடிவில் கொடுத்துப் பழக்க வேண்டும் என்னும் புதிய அறிவுரை 2016இல் வெளியிடப்பட்டது.

2018, 2019ஆம் ஆண்டுகளில் மெல்பர்னில் மீண்டும் ஆராய்ந்தபோது, பெற்றோருள் மிகப் பெரும்பாலோர் இதனைப் பின்பற்றியிருந்தனர். எனினும் நிலக்கடலை ஒவ்வாமை நூற்றுக்கு 3.1 என்ற அளவிலிருந்து 2.6 ஆக மட்டுமே குறைந்திருந்தது. அறிவுரை ஒன்றே போதாது, ஆராய்ச்சியும் சிகிச்சையும் தொடர வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

செய்தி உரிய இடத்தை அடையாமையால் நேரும் கேடும் உண்டு. 2013இல் மெல்பர்னில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தேங்காய்ப் பானம் ஒன்றை அருந்தி இறந்தான். அதில் பால் கலந்திருந்தது மேலுறையில் குறிக்கப்படவில்லை. அவன் இறந்த பின்னரும் அப்பானம் சில வாரங்கள் கடைகளில் விற்பனையாயிற்று. கடும் ஒவ்வாமையுடன் வருவோரைப் பற்றி மருத்துவமனைகள் அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்ற விதி, விக்டோரியா மாநிலத்தில் 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

2022இல் மைய அரசின் பொருளுதவியுடன் தேசிய ஒவ்வாமை மன்றமும், மெல்பர்னிலுள்ள மர்டாக் குழந்தைகள் ஆராய்ச்சி நிலையத்தில் தேசிய ஒவ்வாமை உயராய்வு மையமும் நிறுவப்பட்டன. நிலக்கடலை ஒவ்வாத கைக்குழந்தைகளுக்கு அதன் மாவையே மிகச் சிறு அளவில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டி, நாள்தோறும் ஊட்டிப் பழக்கும் சிகிச்சைத் திட்டம் 2024இல் தொடங்கப்பட்டது. ஐந்து மாநிலங்களின் மருத்துவமனைகள் சில இதில் ஒன்றுபட்டன. இச்சிகிச்சை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யத் தக்கது. வீட்டில் எவரும் தாமாக முயலலாகாது.

நினைவில் கொள்ளத்தக்கவை

சிறு குழந்தைக்கு முழுக் கடலையைக் கொடுத்தல் கூடாது. அது மூச்சுக் குழலில் அடைத்துக்கொள்ளும். நன்கு அரைத்துக் குழைத்தே தருதல் வேண்டும். கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கு முதன்முறை தருமுன் மருத்துவரைக் கலந்துகொள்க. உண்டபின் மூச்சுத் திணறலோ மயக்கமோ கண்டால், நோயுற்றவரை எழுந்து நடக்க விடாது படுக்க வைக்க வேண்டும். மூச்சு விடுதல் கடினமாயின் கால்களை நீட்டி உட்கார வைக்கலாம். காலம் தாழ்த்தாது மருத்துவ உதவியை நாடுதல் வேண்டும்.

ஒவ்வாமை தோன்றும் காரணங்கள் முற்றும் விளங்கிவிடவில்லை. ஆயினும் ஒரு வீட்டில் நேர்ந்த துன்பம் மருத்துவமனையை எட்டி, அங்கிருந்து ஆராய்ச்சி நிலையத்தையும் அரசாங்கத்தையும் அடைந்து, பயனுள்ள அறிவுரையாக மீண்டும் வீடுகளுக்கே வந்து சேருமாறு அந்நாட்டார் வழி செய்துள்ளனர். குழந்தைகளின் உயிரைக் காக்கும் இம்முறை எந்நாட்டவரும் பின்பற்றத் தக்கதாகும்.